ஒற்றை வில்

விவாகரத்தில் வீடு எனக்கு, மாடுகள் கர்ட்டுக்கு.
அறுபத்தேழாம் வருஷத்துக் கமாரோவை மட்டும்
நீதிபதியால் வகுக்க முடியவில்லை.
ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
கார் என் கொட்டகையில். சாவி இரண்டு.
சனிக்கிழமைதோறும் அவன் தன் பாதியைப் பார்க்க வருவான்.
எந்தப் பாதி என்று நான் கேட்டதில்லை.
பின்பாதி என்பதுபோல் நடந்துகொண்டான்.

பின்பாதியில்தான் வியாதி.
கிளட்சை விட்டு ஒரே மிதியாக மிதித்தால்
சக்கரங்கள் ஓடாமல் குதித்தன.
தடதடதடவென்று,
மரப்படியில் யாரோ இரும்பு அடுப்பை உருட்டிவிட்டதுபோல.
கண்ணாடி ஆடும், பல் ஆடும்,
கதவுப் பையிலிருந்த ஸ்பானர் மடிக்கு வரும்.
ஹேஸ் ஊருக்கு வடக்கே
தானியக் கோபுரத்தை ஒட்டிய தார்ச்சாலையில்
டயர் விட்டுப்போன தடம் ஓடுதையல்:
கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் சாலை,
கொஞ்சம் கறுப்பு.

ஷாக் அப்சார்பர் என்றான். மாற்றினோம். குதித்தது.
டயரில் காற்றைக் குறை என்றான். குறைத்தோம்.
குதித்தது, கொஞ்சம் மெத்தென்று.
டிக்கியில் இரண்டு மூட்டை சோளம் ஏற்றினான்.
ஒன்று கிழிந்தது.
இன்றைக்கும் ஸ்டெப்னியைத் தூக்கினால் சோளம்.

என்னோடு பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஃபிலிஸ் வெர்த்
குருட்டாம்போக்கு போதும் என்று சொல்லி
தன் போனை பம்பருக்கு அடியில் டேப் சுற்றி ஒட்டினாள்.
அரை நொடியில் நடந்ததைச்
சமையலறை மேசையில் ஒரு நிமிஷமாக விரித்தோம்.

அச்சு மூக்கைத் தூக்குகிறது.
ஒரே ஒரு தகடாலான வில்
தாங்கமாட்டாமல் பாம்பாய் நெளிகிறது.
டயர் பிடியை விடுகிறது.
வில் நிமிர்கிறது, டயர் விழுகிறது,
விழுந்த இடத்திலேயே பிடிக்கிறது.
பிடித்ததும் வில் மறுபடி நெளிகிறது.
பிடித்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம்.

மூன்று பேரும் மேசைத் துணியைப் பார்த்தோம்.
"நாம் காரைப் பற்றித்தான் பேசுகிறோம்,"
என்றாள் ஃபிலிஸ்.

ஒற்றைத் தகட்டைக் கழற்றினோம்.
முன்கண்ணில் இருந்த ரப்பர் புஷ்
கருகிய ரொட்டியாய் என் கையில் உதிர்ந்தது.
ஐந்து தகடு அடுக்கிய வில்லை ஏற்றினோம்.
அதன் அடியில், அச்சிலிருந்து முன்னோக்கி
பக்கத்துக்கு ஒன்றாய் இரும்புக் கை,
கை நுனியில் ரப்பர் மொட்டு.
வில் முறுக்கப் பார்த்தால்
மொட்டு போய்க் கண்ணுக்குக் கீழே முட்டும்.
அவ்வளவுதான் அதன் வேலை: முட்டுவது.

மொட்டுக்கும் வில்லுக்கும் ஒரு விரல் இடைவெளி வேண்டும்.
யார் விரல் என்பதில்
முக்கால் மணி நேரம் போனது.
என் விரல்.

ஜூன் மாதம், கோதுமை அறுப்புக்கு முந்தைய வாரம்.
கர்ட் ஓடைக்கரையில் நின்றான்,
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.
கிளட்சை விட்டேன்.
அடுப்பு உருளவில்லை.
டயர் ஒரே ராகத்தில் கத்தியது,
கார் ஒரேயடியாகப் போனது,
ஸ்பானர் கதவுப் பையிலேயே இருந்தது.

திரும்பி வந்தபோது அவன் சாலையில் குனிந்திருந்தான்.
இரண்டு கறுப்புக் கோடுகள்,
எங்கும் அறாமல்.
அடி வைத்து அளந்தான். நாற்பத்தொன்று.
நம்பாமல் மறுபடி அளந்தான். நாற்பத்திரண்டு.
உள்ளங்கையை ஒரு கோட்டின்மேல் வைத்து
சுடுகிறது என்றான்,
புகார் மாதிரி.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன்.
இத்தனை நாள் குதிப்புக்குள் ஒளிந்திருந்த ஒன்று
இப்போது கேட்டது:
மூன்றாவது கியரில் ஒரு மெல்லிய சீழ்க்கை.
அவனுக்கும் கேட்டது. இடது புருவம் காட்டிக்கொடுத்தது.
ஆனால் அவன் வயலைப் பார்த்தான்.
நான் ரேடியோவைப் போட்டேன்.

அந்த ரேடியோ பாடிப் பதினெட்டு வருஷம்.
வீடு வரும்வரை
இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு வந்தோம்.